வாசல் நிலையில் டீச்சர் செடி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டுத் தெருவுக்குள் திரும்பும்போதே செங்கமலத்தின் கண்ணில் பட்டுவிட்டது. அவள் வீட்டு வாசல் நிலைக்கு மேலே ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. கிட்டே வந்தாள். மஞ்சள் தடவிய நூல், ஒரு துண்டு கறுப்புத் துணி, நடுவில் வேர் மேலே தெரியத் தலைகீழாக ஒரு செடி. அடுக்கடுக்காகத் தடித்த இலைகள். இலை முழுக்க அரிசிமாவைத் தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள்.

அவள் கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கு நழுவி விழுந்தது. மூடி தனியே உருண்டு சாக்கடைக்குள் போனது.

அது டீச்சர் செடி.

சம்பூர்ணம் டீச்சர் பெரம்பலூரில் அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. வீட்டு முன்கூடத்தில் பலகைகளைப் படிப்படியாக அடுக்கி, தொட்டி தொட்டியாகக் கள்ளியும் கற்றாழையும் வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேல்படியில் இருந்தது இது. பெங்களூரில் இருக்கும் அவர் தம்பி, கற்றாழைப் பூவின் மகரந்தத்தை ஏதோ ஒரு சீமைச் செடியின் பூவில் தடவி, அந்த விதையை முளைக்க வைத்து உண்டாக்கிய கலப்புச் செடி. டீச்சர் நாலு வருஷமாக இலை இடுக்கின் தூசியைக்கூட பிரஷ்ஷால் தட்டி வளர்த்தார். இந்த வருஷம்தான் முதல் பூந்தண்டு எட்டிப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை திருச்சி மலர்க்காட்சியில் அதை வைக்கப் பெயர் கொடுத்திருந்தார்.

அதற்குள் டீச்சருக்குக் கண் ஆபரேஷன் வந்துவிட்டது. திருச்சிக்குக் கிளம்பும் அன்று தொட்டியைச் செங்கமலத்திடம் கொடுத்தார்.

“தண்ணி ஊத்தாதே. மழை படாம உள்ள வை. வேற ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா இருந்தாலே போதும்.”

அவளும் சும்மாதான் இருந்தாள். ஆனால் பயம் சும்மா இருக்குமா? அவள் அங்கே தற்காலிக ஆயா. நிரந்தரமாக்கச் சொல்லி எழுதிய தாள் டீச்சர் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது. அவளுக்கு முன்னால் ஆயாவாக இருந்த முத்தாயியை மீன்தொட்டியை உடைத்ததற்காக மறுநாளே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். புருஷன் பழனிவேல் பாடாலூரில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறான். லாரி வந்தால்தான் அவனுக்குக் கூலி.

“பொன்னாயி! என்ன காரியம் பண்ணி வச்சிருக்க?”

பொன்னாயி பழனிவேலின் தங்கச்சி. எட்டு மாதக் குழந்தையோடு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள். மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு வாயில் விரலை வைத்துக் காட்டினாள்.

“கத்தாதீங்க அண்ணி, இப்பத்தான் கண்ண மூடிச்சு. மூணு நாளா அனலாக் காஞ்சுதே, ஊசிக்குக் கேட்டுச்சா? எல்லாம் கண்ணேறு. நிலையில கத்தாழை கட்டணும்னு பாத்தேன். வூட்டுக்குள்ளயே இருந்துச்சு, புடுங்கிக் கட்டிட்டேன். கட்டிக் கொஞ்ச நேரத்துல புள்ளைக்கு வேர்த்து விட்டுச்சு. தொட்டுப் பாருங்க.”

“அது கத்தாழை இல்ல. டீச்சர் செடி!”

“செடிதானே அண்ணி? என்னமோ டீச்சர் யானையக் கட்டுன மாதிரி அலறுறீங்க.”

“இப்பவே அவுக்குறேன், தள்ளு.”

பொன்னாயி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். “ஐயோ, வேணாம். சிறுவாச்சூர் அம்மனை வேண்டிக்கிட்டுப் போட்ட முடிச்சு. திங்கக்கெழம நடை தொறந்ததும் மாவிளக்குப் போட்டுட்டுத்தான் அவுக்கணும். நடுவுல அவுத்தா...”

அவள் முடிக்கவில்லை. முடிக்கவும் வேண்டாம். அவளுடைய தலைச்சன் பிள்ளை போன மாசியில் இப்படித்தான் மூன்று நாள் காய்ச்சலில் போனது.

செங்கமலம் பிள்ளையின் நெற்றியைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது; முடிச்சு பலித்துத்தான் குளிர்ந்ததோ? அம்மன் நடை வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். டீச்சரோ சனிக்கிழமை செடியை எடுக்க வருகிறார்.

மறுநாள் மத்தியானம் பொன்னாயி குடத்தோடு தெருக்குழாய்க்குப் போனாள். செங்கமலம் ஸ்டூலை வாசலில் போட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு ஏறினாள். நூலில் அரிவாளை வைத்தாள். உள்ளே தூளியில் பிள்ளை இருமியது. ஒரே ஒரு இருமல். அவள் அரிவாளை நூலிலிருந்து எடுத்துவிட்டாள். அறுத்துவிட்டு, பிள்ளைக்கு ஏதாவது ஆனால்? அறுக்காமல் விட்டு, வேலை போனால்? இறங்கிவிட்டாள்.

அப்போதுதான் ரிக்ஷா வந்து நின்றது.

ஒரு கண்ணைப் பச்சைத் துணி மறைக்க, டீச்சர் மெதுவாக இறங்கி வந்து வாசலில் நின்றார். பூந்தண்டின் நுனி அவர் தலைமுடிக்கு நாலு விரல் மேலே.

“செடிய எடு செங்கமலம். திரும்ப பஸ்ஸப் புடிக்கணும்.”

ஆடு தின்றுவிட்டது என்று சொல்லலாமா? தெருப் பிள்ளைகள் உடைத்துவிட்டார்கள் என்று? எத்தனை பொய் வந்தது அவளுக்கு! ஒன்றும் நாக்கில் ஏறவில்லை.

“மேல பாருங்க டீச்சர்.”

டீச்சர் அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். “யாரு?”

“நாந்தாங்க.” குழாயடியிலிருந்து அப்போதுதான் திரும்பிய பொன்னாயி குடத்தை இறக்கிக்கூட வைக்கவில்லை. “அண்ணிக்குத் தெரியாதுங்க. திங்கக்கெழம வரைக்கும்னு வேண்டிக்கிட்டேன். உங்க செடி, வேணும்னா அறுத்துக்கங்க.” சொல்லிவிட்டுக் குடத்தைத் தொப்பென்று வைத்து உள்ளே ஓடினாள். தூளியிலிருந்த பிள்ளையை வாரி, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

டீச்சர் அரிவாளுக்குக் கையை நீட்டினார். கண்ணேறு, செய்வினை எல்லாம் மூடநம்பிக்கை என்று வாராவாரம் பிள்ளைகளை நிற்க வைத்துச் சொல்கிறவர். அரிவாளை வாங்கி ஸ்டூலில் ஒரு காலை வைத்தார். உள்ளேயிருந்து பிள்ளையின் மூச்சு கொர்கொர் என்று கேட்டது.

காலை எடுத்துவிட்டார்.

“மண்ணு மாத்துறப்ப நானே இதைப் புடுங்கி வேரைக் காய விடுவேன். நாலஞ்சு நாள்ல சாகாது.” அவர் குரல் வகுப்பில் கேட்கிற குரலாக இல்லை. “இருக்கட்டும்.”

“மலர்க்காட்சி டீச்சர்?”

“அடுத்த வருஷமும் வைப்பாங்க. திங்கக்கெழம கோயிலுக்குப் போயிட்டு மெதுவா வா. உன் தாள் மேசைலயே கெடக்கு, கண்ணு தெளிஞ்சதும் மொதல்ல அதைத்தான் பாக்கணும்.” ரிக்ஷாவில் ஏறியவர் திரும்பினார். “புள்ளைக்கு நெஞ்சுச் சளி. அம்மனும் பாக்கட்டும், டாக்டரும் பாக்கட்டும். இன்னிக்கே தூக்கிட்டுப் போங்க.”

டாக்டர் மருந்து கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பூராவும் தூறிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் செங்கமலம் நிலையை அண்ணாந்து பார்த்தாள். தரையைப் பார்த்திருந்த பூந்தண்டு நுனியில் வளைந்து, மேலே வானத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தது. நல்லதுக்கா கெட்டதுக்கா என்று அவளுக்குத் தெரியவில்லை. பொன்னாயியிடம் சொல்லவுமில்லை.

உள்ளே போய்ப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டாள். வெளியே வந்து, எம்பி, ஓர் இலையைத் தொட்டாள். இரண்டும் குளிர்ந்திருந்தன. திங்கள் விடிய இன்னும் ஓர் இரவு இருந்தது. அவள் திரும்பவும் உள்ளே போனாள்.