டச்சஸின் கொட்டாவி

எங்கள் ஊரில் நாய்களுக்கு லைசென்ஸ் போட்டுக் கொடுப்பது நான்தான். டன்மோர் மில்ஸ் ஊர் எழுத்தராகப் பதினான்கு வருடம் ஓடிவிட்டது. ஏப்ரல் முதல் தேதிக்குள் ஒவ்வொருவரும் வந்து, நாயின் பெயர், நிறம், தடுப்பூசி போட்ட தேதி எல்லாம் சொல்லி, கழுத்தில் மாட்டும் தகடை வாங்கிப் போக வேண்டும். பிறப்பும் இறப்பும் கல்யாணமும் என் மேசையில்தான் பதிவாகின்றன. ஆனாலும் ஊர்க்காரர்கள் மனம் விட்டுப் பேசுவது நாய் விஷயத்தில்தான். கல்யாணப் பதிவுக்கு வந்தவர்கள்கூட அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இந்த வேலைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வருடத்துக்கு ஒருமுறை ஊரே கூடி வாக்களிக்கும் ஊர்க்கூட்டத்தில் எழுத்தர் எந்தப் பக்கமும் சாயக் கூடாது. அப்படி எங்கும் எழுதி வைக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் அப்படி இருந்தார், நானும் இருந்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் தங்கையைக் கேட்டால் தெரியும்.

ஜனவரியில் கோரின் லாபியர் வந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், எமரி பிக்ஸ்பியின் ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் வாடகைக்கு இருப்பவள். பூட்ஸில் ஒட்டிய பனியைக்கூடத் தட்டாமல் நேராக மேசைக்கு வந்தாள்.

"தெல்மா, நாயோட குரலை வெட்டி எடுக்கிறது சட்டப்படி சரியா?"

பிஸ்கட் என்ற அவளுடைய நாய்க்கு ஊரே கேட்கும் தொண்டை. எமரி அவளுக்குக் கெடு வைத்துவிட்டானாம். மார்ச் முடிவதற்குள் நாய் அமைதியாக வேண்டும், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பக்கத்து ஊர் மருத்துவர் தொண்டைக்குள் கருவியை விட்டுக் குரல் நாணில் கொஞ்சம் வெட்டிவிடுவார், செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறான். உறைபனிக் காலத்தில் எங்கள் ஊரில் வேறு வாடகை வீடு கிடைக்காது. ஆக, நாயின் குரலா, தலைக்கு மேல் கூரையா என்று அவள் கழுத்தில் கத்தி.

மாநிலச் சட்டப் புத்தகத்தை இறக்கிப் பார்த்தேன். ஒரே ஒரு வரி. தேவைப்பட்டால் மருத்துவர் செய்யலாம் என்று இருந்தது. என்ன தேவை, யாருடைய தேவை என்று முன்னும் பின்னும் புரட்டினாலும் ஒன்றும் இல்லை. நாய்க்குத் தேவையா, பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தேவையா, வீட்டுக்காரனுக்கா? எனக்குக் கோபம் வருவதற்கு முன்னால் ஆச்சரியம்தான் வந்தது. ஒரு காளானைப் பறிப்பதற்கு எங்கள் மாநிலத்தில் நாலு பக்கம் விதி இருக்கிறது.

கோரின் சும்மா இருக்கவில்லை. ஊர்க்கூட்டத்தில் வைக்க ஒரு தீர்மானம் எழுதினாள். நாயானாலும் பூனையானாலும் குரலை எடுத்தால்தான் வீடு என்று எந்த வீட்டுக்காரரும் கேட்கக் கூடாது. நோய் இருந்தால் தவிர எந்த மருத்துவரும் இதைச் செய்யக் கூடாது, செய்தால் காரணத்தை எழுதி ஊர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். இதையே மாநிலம் முழுவதற்கும் சட்டமாக்கச் சொல்லிச் சட்டசபைக்கு ஊர் கடிதம் போட வேண்டும். பேருந்து ஓட்டி முடித்த பிறகு பனிக்குள் வீடு வீடாக நடந்து அறுபத்திரண்டு கையெழுத்து வாங்கிவந்தாள். பலர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "எமரிகிட்ட சொல்லிடாதே" என்றார்களாம்.

எமரியைக் கெட்டவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நானும் அவனும் ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவர்கள். பனியில் சிக்கிய கார்களை, கூப்பிடாமலே வந்து இழுத்து விடுகிறவன். அதோடு இருபத்திரண்டு வருடமாக அவன்தான் ஊர்க்கூட்டத் தலைவர். தீர்மானத்துக்கு ஆதரவானவர்கள் எல்லோரும் சேர்ந்து "ஆம்" என்பார்கள், எதிரானவர்கள் "இல்லை" என்பார்கள். எந்தச் சத்தம் பெரிது என்று எமரி காதால் கேட்டுச் சொல்வான். ஏழு பேர் எழுந்து நின்று சந்தேகம் என்றால் தலை எண்ண வேண்டும் என்று விதி உண்டு. இத்தனை வருடத்தில் ஒருவரும் எழுந்ததில்லை. அந்தக் காது அவனுக்குப் பெரிய பெருமை.

அவனிடம் இருந்த ஒரே வாதம் டச்சஸ். நீண்ட முடியும் கூர்மூக்கும் உள்ள, ஷெல்டி வகையைச் சேர்ந்த அவனுடைய சிறிய நாய். எட்டு வருடத்துக்கு முன்னால் அதற்கு இதே அறுவை செய்தான். கடையில் விறகடுப்புக்கு அருகே பாயில் படுத்திருக்கும்.

"பாரு, எவ்வளவு நிம்மதியா இருக்கா," என்றான் என்னிடம். "குரைக்கணும்னே இவளுக்குத் தோணுறதில்ல இப்ப. நாள் முழுக்கக் கொட்டாவிதான்."

நாள் முழுக்கக் கொட்டாவி விடும் நாயை நான் பார்த்ததில்லை. என் பதிவேட்டில் நூற்றுப் பத்து நாய்கள் இருக்கின்றன. எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. சனிக்கிழமை காலை, ஆணி வாங்குவதாகப் போய் அடுப்பருகே இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

கடைக் கதவில் ஒரு பித்தளை மணி. யாராவது உள்ளே வந்தால் அடிக்கும். அடித்ததும் டச்சஸ் எழுந்தது, கதவைப் பார்த்தது, வாயைத் திறந்தது. முன்னங்கால் இரண்டும் தரையிலிருந்து ஒரு விரல் அளவு எழும்பின. காய்ந்த துடைப்பத்தால் ஒரே ஒரு தடவை பெருக்கியது போல ஒரு சத்தம். கடையில் ஓடிய ரேடியோவில் அதுவும் அமுங்கிப் போனது. திரும்பப் படுத்துக்கொண்டது. அடுத்த மணி, அடுத்த கொட்டாவி. மதியம் வரை முப்பத்தொன்று எண்ணினேன். ஆள் வராத நேரத்தில் ஒன்றுகூட இல்லை. திங்கட்கிழமை திரும்பப் போய் இன்னும் ஒரு பொட்டலம் ஆணி வாங்கினேன். இருபத்தெட்டு. என் பேரப்பிள்ளைகள் வீடு கட்டினாலும் தீராத ஆணி இப்போது என்னிடம் இருக்கிறது.

"எமரி, அது கொட்டாவி இல்ல," என்றேன். "அவ குரைக்கிறா."

அவன் சிரித்தான். "உனக்கு வேலை கம்மியாயிடுச்சு தெல்மா. எட்டு வருஷமா கூட இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"மணி அடிச்சாதான் யாருக்காவது கொட்டாவி வருமா?"

"உங்க அலுவலகத்துல எனக்கு வரும்," என்று சொல்லிவிட்டு ஆணியை எடை போடப் போனான். அதற்கு மேல் நான் பேசினால் ஒரு பக்கம் சாய்ந்தவளாகிவிடுவேன். கோரினிடமும் சொல்லவில்லை. எண்ணிக்கையை என் மேசை நாட்காட்டியின் ஓரத்தில் குறித்து வைத்ததோடு சரி.

மார்ச் முதல் செவ்வாய், பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டம். காலை முழுவதும் சாலைப் பணிக்குப் புது லாரி வேண்டுமா என்ற சண்டையிலேயே போனது. மதியம் வேகவைத்த பீன்ஸும் பன்றித்தொடையும் ஆப்பிள் பலகாரமும். சாப்பாடு முடிந்து எல்லோர் கண்ணும் சொருகிக்கொண்டிருந்தபோது பத்தொன்பதாவது தீர்மானம் வந்தது. நானும் ஒரு தரப்பு, இதற்கு மட்டும் விலகிக்கொள்ளட்டுமா என்று எமரி கேட்டான். உன் காது எங்களுக்குப் போதும் என்று பின்வரிசையிலிருந்து யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். டச்சஸ் வழக்கம்போல அவன் மேசைக்கு அடியில் படுத்திருந்தது.

கோரின் நன்றாகப் பேசினாள் என்று சொல்ல முடியாது. பூனைக் குரலை யார் போய் வெட்டுவார்கள் என்று ஒருவர் கேட்டார். செய்கிறார்கள், அடுக்குமாடிகளில் செய்கிறார்கள் என்று ஒரு பெயர், ஒரு ஊர் விடாமல் படித்துக் காட்டினாள். இரவு வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் எழுந்து, பகலில் தூங்க முடியாத தன் கஷ்டத்தைச் சொன்னாள். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. கடைசியில் கோரின் ஒன்று கேட்டாள்.

"என் பக்கம் இருக்கிறவங்க 'ஆம்'னு சத்தம் போட வேண்டாம். வாயை மட்டும் திறங்க. குரலை எடுத்த நாய்ங்களுக்கு மிச்சம் இருக்கிறது அவ்வளவுதான்."

எமரி கண்ணாடியைக் கழற்றினான். "கோரின், காதுல விழுந்ததைத்தான் நான் அறிவிக்க முடியும். விழாததை எப்படிச் சொல்றது?"

"தெரியும் மிஸ்டர் பிக்ஸ்பி. ஆனா நீங்க எங்க பக்கம் பாப்பீங்கல்ல."

எனக்குத் திக்கென்றது. எமரிக்கு விதி என்றால் விதிதான். இந்தப் பெண் தன் வீட்டையும் நாயின் குரலையும் ஒருசேரக் கிணற்றில் போடுகிறாளே என்று நினைத்தேன்.

"ஆம் என்கிறவர்கள்," என்றான் எமரி.

வாய்கள் திறந்தன. விஷயம் புரியாத இரண்டு பெரியவர்கள் மட்டும் உரக்க "ஆம்" என்று சொல்லிவிட்டு, மனைவிமாரிடம் இடி வாங்கினார்கள். மற்றபடி மூலையில் காபி கொதிக்கும் சத்தம்தான். நான் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை வாய் என்று எண்ண முடியவில்லை, அத்தனை இருந்தன.

"இல்லை என்கிறவர்கள்."

கூரைத் தகரம் அதிர்ந்தது.

எமரி கண்ணாடியை மாட்டிக்கொண்டான். "காதுல விழுந்தது 'இல்லை'தான். தீர்மானம் தோத்தது."

நான் குறிப்பேட்டில் 'தோ' வரை எழுதியிருந்தேன். கோரின் எழுந்து நின்றாள். "சந்தேகம்," என்றாள். அவளுக்குப் பின்னால் ஒருவர், சன்னலருகே இருவர், கதவோரம் ஒருவர். ஐந்து பேர். கையெழுத்துப் போட்ட மற்றவர்கள் குனிந்து தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எமரியின் காதை முகத்துக்கு நேரே சந்தேகிக்க எங்கள் ஊரில் தைரியம் பிறக்கவில்லை. என்னை அறியாமல் பேனாவை வைத்துவிட்டு நானும் எழுந்தேன். பதினான்கு வருடம் கட்டிக்காத்தது அந்த நிமிடம் போனது. போனால் போகட்டும்.

எமரி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். "ஆறு," என்றான் மெதுவாக. "ஏழு வேணும்." கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். யாரும் அசையவில்லை. முடித்துவைக்கச் சுத்தியலை எடுத்து மேசையில் ஒரு தட்டுத் தட்டினான்.

தலைக்கு மேல் விழுந்த அடியில் டச்சஸ் துள்ளிக்கொண்டு வெளியே வந்தது. கூட்டத்தைப் பார்த்து வாயைத் திறந்தது. முன்னங்கால் எழும்பியது. காய்ந்த துடைப்பம் ஒரு தடவை. மறுபடி. மறுபடி. ரேடியோ இல்லாத அந்தக் கூடத்தில் அது கடைசி வரிசை வரை கேட்டது. ஒவ்வொரு தடவையும் உடம்பு முழுவதும் குலுங்கியது. சற்று முன் அந்தக் கூடத்தில் அத்தனை பேர் வாயைத் திறந்தபோது இருந்த முகமேதான் அதற்கும்.

எமரி குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு சுத்தியலை வைத்துவிட்டு, தலைவர் மேசையைச் சுற்றி வந்து, எங்களோடு சேர்ந்து நின்றான்.

"ஏழாவது ஆள் நான்," என்றான். "என் காதை நானே சந்தேகப்படுறேன். எண்ணு, தெல்மா."

எண்ணினேன். கையை உயர்த்த வேண்டும் என்றதும் பூட்ஸைப் பார்த்தவர்களில் பாதிப் பேருக்குக் கை முளைத்தது. ஆதரவு தொண்ணூற்றேழு, எதிர்ப்பு எண்பத்தெட்டு. எமரி எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. கோரின் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

மார்ச் முப்பதாம் தேதி எமரி, டச்சஸைக் கூட்டிக்கொண்டு லைசென்ஸ் புதுப்பிக்க வந்தான். மாடியில் அந்தச் சனியன் பிஸ்கட் காலை ஐந்தரைக்கே கச்சேரியை ஆரம்பித்துவிடுகிறது என்று புலம்பினான். புதுப் படிவத்தை நீட்டினேன். குரல் உண்டா, எடுக்கப்பட்டதா, எடுக்கப்பட்டிருந்தால் என்ன காரணம் என்று அதில் இப்போது ஒரு கட்டம் இருக்கிறது.

"பழைய அறுவைக்கு இது பொருந்தாது எமரி," என்றேன். "காலியா விட்டுடு."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நாய் அவன் பூட்ஸ் மேல் மோவாயை வைத்துக்கொண்டிருந்தது. பிறகு எழுதி, படிவத்தைக் குப்புறக் கவிழ்த்துவைத்துவிட்டு, தகடை வாங்கிக்கொண்டு போனான்.

திருப்பிப் பார்த்தேன். காரணம் என்ற கட்டத்தில், "கடைக்கு யார் வந்தாலும் குரைத்து எனக்குச் சொன்னாள்" என்று இருந்தது.