கல்மார்பனின் வாய்

"பெரிய புத்தகம்தான். முடிஞ்சு போச்சு, இதுக்கு மேல—"

"என்ன முடிஞ்சு போச்சு? நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கல—"

"—கெட்டி அட்டை, ஆர்ட் பேப்பர், பக்கம் ஒவ்வொண்ணும் கண்ணாடி மாதிரி—"

"—கண்ணாடின்னா உங்க மூஞ்சி தெரியும், அதானே வேணும் உங்களுக்கு? அதுல அவன் என்ன பேசறான்னு படிச்சீங்களா? ஒரு பக்கம்? ஒரே ஒரு பக்கம்?"

"படம் பாக்கற புத்தகத்துல என்னடி படிக்கறது!"

கடைசியில் சொன்னது ஓவியரின் தலைக்கு மேல் வெள்ளையாக ஊதிப் பெருத்து, வாலை அவர் வாய்ப்பக்கம் நீட்டிக்கொண்டு, மின்விசிறிக்கு ஒரு சாண் கீழே போய் நின்றது. அந்த வீட்டில் கோபத்தில் சொன்ன சொல் காற்றோடு போகாது. காமிக்ஸில் வருவது போலப் பலூனாகி, உள்ளே எழுத்தோடு, மேலே போய்த் தங்கிவிடும். கல்யாணமான முதல் மழைக்காலத்தில், குடையைப் பஸ்ஸில் விட்டது யார் என்ற பேச்சில் இது தொடங்கியது. மறுநாள் காலையில் பார்த்தால், "உன் புத்தி எங்க போச்சு" என்பது அலமாரிக்கு மேலே அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. முதலில் இருவரும் பயந்தார்கள். பிறகு கூச்சப்பட்டார்கள். அதற்கும் பிறகு, ஓடு ஒழுகும் வீட்டுக்காரர்கள் வாளி வைத்துப் பழகுவது போலப் பழகிவிட்டார்கள். காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் குனிந்தே வருவார். வெள்ளையடிக்க வந்தவர்கள் அவற்றை ஒதுக்கி ஒதுக்கி அடித்துவிட்டு, மேற்கூரைக்குத் தனிக் கூலி கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மகள் லீவு நாட்களில் வந்து, ஒட்டடைக் கம்பால் பழையவற்றைத் தட்டி இறக்கிச் சாக்கில் அடைப்பாள். பழைய பேப்பர்காரர் சாக்கைத் தராசில் வைத்துப் பார்த்தார், முள் அசையவில்லை. "இதுக்கு நான் என்னம்மா தர்றது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதனால் சாக்குகள் பரணில் சேர்ந்தன.

ஒரே ஒரு விசேஷம். யார் கத்தினாலும் பலூனுக்குள் இருந்தது மனைவியின் கையெழுத்து. ஓவியர் அவளைத் திட்டினதும் அவள் கையெழுத்தில்தான் வந்தது: லேசாக வலப்பக்கம் சாய்ந்து, 'ழ'வின் காலைக் கொஞ்சம் நீளமாக இழுத்து. இதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அதுதான் அவள் தொழில்.

ஓவியர் ஒரு காமிக்ஸ் அச்சகத்துக்குக் கல்மார்பன் என்கிற சாகச வீரனை வரைந்துகொண்டிருந்தார். நெஞ்சில் குண்டு பட்டால் குண்டு நசுங்கும், கட்டடங்களுக்கு நடுவே பறப்பான், அப்படிப்பட்டவன். கதையை அச்சகத்திலிருந்த கதாசிரியர் தட்டச்சில் அனுப்புவார். ஓவியர் படத்தைப் போட்டு, பேச்சுக்கு வெறும் பலூனாக விட்டுவிடுவார். காலிப் பலூனில் எழுத்தெழுதுவது மனைவி. இதுவரைக்கும் எல்லா அச்சகத்திலும் நடப்பதுதான். ஆனால் ஓவியருக்கு ஒரு குணம். ஜன்னல் வரையப் பிடிக்காது. மாடிக் கட்டடம் என்றால் ஜன்னல், ஜன்னல், ஜன்னல். பறக்கிற வீரனை வைத்துக்கொண்டு மாடிக் கட்டடத்துக்கு எங்கே தப்பிப்பது? ஒரு பெரிய பலூனைத் தூக்கிக் கட்டடத்தின் மேல் வைத்தால் மூன்று மாடி மிச்சம். ஆகவே அவர் போட்ட பலூன்கள் எல்லாமே வேண்டியதைவிட நாலு மடங்கு பெரியவை. கதாசிரியரோ சொல்லுக்குக் கஞ்சன். "நில்!" என்று எழுதுவார், "விடமாட்டேன்!" என்று எழுதுவார், அதோடு சரி. அத்தனை பெரிய வெள்ளைக்கு நடுவில் ஒரு "நில்!" எழுதிப் பார்த்தாள் மனைவி. சாப்பாட்டுத் தட்டில் ஒரு கடுகு மாதிரி இருந்தது. ஆகவே பக்கத்தில் இன்னொரு வரி சேர்த்தாள். "நில்! ஓடினா மூச்சு வாங்கும். எனக்கில்ல, உனக்கு." அச்சகத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் இரண்டு வரி சேர்த்தாள். சீக்கிரமே கல்மார்பன் வாய் ஓயாத ஆளாகிவிட்டான். திருடனோடு வாதம் செய்தான், பறக்கும்போது மொட்டைமாடியில் துணி காயப்போடுகிறவர்களிடம் மழை வரும் என்று சொல்லிவிட்டுப் போனான். யாரையும் அடிக்கும் முன் ஓங்கின கையை நிறுத்தி, "வலிக்கும், பரவாயில்லையா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வி ஊரையே பிடித்துக்கொண்டது. பல் பிடுங்குகிற டாக்டர் இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். பந்து போடுகிற பையன்கள் கேட்டார்கள். மார்க் ஷீட்டைக் கொடுக்கும்போது வாத்தியார் கேட்டார். பரிசளிப்பு விழா ஒன்றில், கல்மார்பனுக்கு இப்படிப் பேச எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டதற்கு, ஓவியர் மைக்கைச் சரிசெய்துகொண்டு, "அவன் என்னை மாதிரி, சார். நான் எப்படிப் பேசறேனோ அப்படித்தான் அவனும்" என்றார். மனைவி மூன்றாவது வரிசையில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் கூரையில் புதிதாக எதுவும் தொங்கவில்லை. ஆனால் அடுத்த இதழில், அடுத்தவர் குரலைத் திருடிப் பிழைக்கும் வில்லன் ஒருவனைக் கல்மார்பன் இரண்டு பக்கத்துக்கு நிற்க வைத்துக் கேட்டான். வாங்கினவர்கள் கை தட்டிப் படித்தார்கள். ஓவியரும் பாராட்டுகளை வாங்கிக்கொண்டார். வீட்டுக்காரரிடம், மாமியாரிடம், கடைக்காரரிடம், கட்டினவரிடம் அவள் கேட்க வேண்டியதெல்லாம் இப்படித்தான் அந்த ராட்சசப் பலூன்களுக்குள் போனது. கூரையில் அவள் பலூன்கள் குறைவாக இருந்ததற்குக் காரணம் பொறுமை என்று சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டார்கள். பொறுமையாவது ஒண்ணாவது.

வருஷங்கள் போயின. அச்சகம் மூடியது, கதாசிரியர் காலமானார், கல்மார்பன் பழைய புத்தகக் கடைகளில் கிழிந்து கிடந்தான். பிறகு அச்சக முதலாளியின் பேரன் பதிப்பாளராகி, கல்மார்பன் முழுவதையும் ஒரே தொகுப்பாகக் கொண்டுவரப் போவதாகச் சொல்லி, இரண்டு மாதிரிப் புத்தகங்களை வீட்டுக்கு அனுப்பினார். இரண்டில் ஒன்றுதான் அச்சாகும். எது என்று ஓவியர் வாயால் சொல்ல வேண்டும், அவர் சொல்தான் முடிவு.

பெரியது தூக்கினால் கை வலிக்கும். புதுச் சாயம் பூசி, கம்ப்யூட்டரில் துடைத்து, பலூன்களையெல்லாம் சுருக்கி, சுருங்கின இடத்தில் கட்டடங்களை எழுப்பியிருந்தார்கள். ஜன்னல் ஜன்னலாக. பழைய அச்சக அலமாரியில் கிடைத்த கதாசிரியரின் தட்டச்சுத் தாளைப் பார்த்து, 'அசல் வசனம்' என்று, கம்ப்யூட்டர் எழுத்தில் கோத்திருந்தார்கள். சின்னது பழைய பக்கங்களை அப்படியே படம் பிடித்த கறுப்பு வெள்ளை. சாணித்தாள், பிரித்தால் முதுகு விரிசல் விடும், ஓரத்தில் மை கசிந்திருக்கும். ஆனால் அதில் 'ழ'வுக்குக் கால் நீளம்.

ஓவியர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பெரிய புத்தகத்தை நாள் பூராவும் பார்த்தார். "இத்தனை ஜன்னலா நான் வரைஞ்சேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். கொஞ்ச நாளில் அதில் கேள்வி போய்விட்டது. சின்னதைத் திறந்தால் அவர் சோம்பல் பட்ட இடமெல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. கண்ணும் போய்க்கொண்டிருந்தது, கையும் நடுங்கியது, இனி இன்னொரு பதிப்பு அவர் காலத்தில் வராது. அவருடைய ஆசையை யாரும் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல வேண்டியது அவர் அதற்காகச் சொன்னதை.

மனைவி பெரிய புத்தகத்தில் தண்ணீர்த் தொட்டிச் சண்டையைப் பிரித்து அவர் முன்னால் போட்டாள்.

"பாருங்க. 'நில்!' அவ்வளவுதான். கை ஓங்கறான், அடிக்கறான். கேக்கவே இல்ல. இவன் யாரு? ரவுடியா?"

"அசல்ல இருந்தது அதுதான்."

"அசல்ல ரவுடியா இருந்தவனை மனுஷனாக்கினது யாரு? பழைய பக்கத்துல இருக்கறது நான் பேசினதுங்க. ஒரு ஜென்மத்துக்கு நான் பேசினது மொத்தமும் அதுலதான் இருக்கு. அழிச்சுட்டு ஜன்னல் வெச்சிருக்கான், நீங்க எட்டிப் பாத்துட்டு இருக்கீங்க."

"எழுதினவர் கதாசிரியர். வரைஞ்சவன் நான். நீ பாத்து எழுதினவ, காப்பி பண்ணினவ!"

அது மேலே போய் நின்றது. மனைவி நிமிர்ந்து படித்தாள். "நீ பாத்து எழுதினவ, காப்பி பண்ணினவ": வரி நேராக, இடைவெளி ஒரே சீராக, ஓரம் இடிக்காமல், அத்தனை அழகாக அவளுடைய சொந்தக் கையெழுத்தில். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தாள்.

"இதையும் என் கையாலயே எழுத வெச்சுட்டீங்க" என்றாள். "போதும். இனிமே உங்களுக்கு நான் எழுதல."

அன்றிலிருந்து ஓவியரின் பலூன்கள் காலியாக வந்தன. சத்தமும் வரவில்லை. தண்ணீர் கேட்கலாம், விசிறியைக் குறைக்கச் சொல்லலாம், அதற்கெல்லாம் குரல் இருந்தது. ஆனால் பதிப்புப் பேச்சை எடுத்தால் கோபம் வராமல் அவரால் எடுக்க முடியவில்லை. கோபம் வந்தால் வாய் அசையும், தலைக்கு மேல் ஒரு வெள்ளைப் பலூன் எழும்பும், அவ்வளவுதான். கோபப்படாமல் "பெரிய புத்தகம்" என்று சொல்லிப் பழக, குளியலறைக் கண்ணாடிக்கு முன் சிரித்துக்கொண்டு நின்று பார்த்தார். வெளியே வரும்போது அவருக்கு முன்னால் பலூன்கள் வந்தன. தாளில் எழுதிப் பார்த்தார். பேனாவை வைத்ததும் அந்தக் கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது: பெரிதாக ஒரு வட்டம், அதற்கு ஒரு வால். உள்ளே எழுத அதற்குப் பழக்கமே கிடையாது. மகள் வந்தாள், கூரையைப் பார்த்தாள். "அப்பா பக்கம் ஒரே வெள்ளையா இருக்கேம்மா" என்றாள். "வெள்ளையா இருக்கட்டும், வீடு பளிச்சுனு இருக்கும்" என்றாள் அம்மா. அவள் பக்கத்தில் மட்டும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. எழுதுவதற்குப் பக்கங்கள் இல்லாததால் எல்லாம் நேரே கூரைக்குப் போயின.

பதிப்பாளர் போன் செய்தார். எதிர்ப்பக்கத்தில் மூச்சு மட்டும் கேட்டது. இரண்டு தரம் அப்படி ஆனதும், ஒரு மத்தியானம் நேரிலேயே வந்துவிட்டார். பலூன்களை முழங்கையால் ஒதுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சின்ன வயதிலிருந்து கல்மார்பன் படித்தவர், அவருக்கு இது புதிதாகத் தோன்றவில்லை.

"ஐயா, சொல்லுங்க. எது?"

ஓவியர் விரலை நீட்டினார். மேசையில் பெரிய புத்தகத்தின் மேல் சின்னது கிடந்தது. விரலோ நடுங்கியது. பதிப்பாளர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இது படம், ஐயா. படத்துல ஆயிரம் காட்டலாம். எனக்கு உங்க பேச்சு வேணும். பலூன்ல என்ன இருக்கோ அதைத்தான் நான் எடுத்துக்கிட்டுப் போவேன். வால் யாரைக் காட்டுதோ அவர்தானே பேசினது? உங்க தொழில்ல அதுதானே கணக்கு?"

ஓவியர் வாயைத் திறந்தார். வந்த பலூன் அவர் வாழ்நாளில் போட்டதிலேயே பெரியது. விசிறியை மூடியது, காலண்டரை மூடியது, தெருப்பக்கத்து ஜன்னல் மொத்தத்தையும் மூடியது. பதிப்பாளர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வால் மட்டும் கூர்மையாக, சந்தேகத்துக்கே இடமில்லாமல், ஓவியரின் வாயைக் காட்டியது. உள்ளே ஒரு புள்ளிகூட இல்லை.

ஓவியர் அதை அண்ணாந்து பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். வருஷக்கணக்காகப் பக்கத்தை முடித்து அவள் பக்கம் தள்ளும்போது பார்ப்பாரே, அதே பார்வை.

மனைவியின் கோபம் ஒரு பிடிகூடக் குறைந்திருக்கவில்லை. உள்ளே போய் இழுப்பறையைத் திறந்து, பட்டை நிப் பேனாவையும் மைக்கூட்டையும் எடுத்துவந்தாள். சமையலறை ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பதிப்பாளர் எழுந்துவந்து அதன் காலைப் பிடித்துக்கொண்டார். ஏறி நின்றாள். நிப்பை மையில் தோய்த்து, கூட்டின் விளிம்பில் ஒரு தட்டு தட்டி, முதல் எழுத்துக்கு இடம் பார்த்துக் கையை ஓங்கினவள், அப்படியே நிறுத்தி, குனிந்து கணவரைப் பார்த்தாள்.

"வலிக்கும், பரவாயில்லையா?"