குறைந்துபோன ஒரு விலாங்குச் சோறு

1999 ஜூலையில் உலகம் அழியப்போகிறது என்று பழைய ஜோசியம் ஒன்றை வைத்து ஜப்பான் முழுக்க ஒரே பேச்சு. மற்ற ஊர்க்காரர்களுக்கு மாதம் மட்டும்தான் தெரியும். எங்கள் குரேஹாதாவில் தேதியும் நேரமும் கல்லிலேயே இருந்தன. பேரூராட்சி அலுவலகத்துக்கு எதிர்மேட்டில் நான்கு கருங்கல் தூண்கள். தூணுக்கு ஓர் எண்: 7, 24, 11, 40. ஜூலை இருபத்துநான்கு, பதினொன்று நாற்பது.

பத்து வருடமாக அந்த எண்களைக் காக்கைகளைத் தவிர யாரும் சீந்தியதில்லை. அந்த மே மாதம் தோக்கியோவின் மர்மப் பத்திரிகை ஒன்றிலிருந்து தோமேக்கி என்பவர் வந்து படம் எடுத்துப்போய் ஆறு பக்கம் எழுதினார். அவ்வளவுதான். முதலில் ஜனங்கள் காமிராவோடு வந்தார்கள், பிறகு கூடாரத்தோடு வந்தார்கள், ஜூலையில் வெள்ளை மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

அலுவலகத்தில் சுற்றுலாப் பிரிவு என்றால் இரண்டே பேர். பிரிவுத் தலைவர் மிபு கென்சாகு, அப்புறம் நான். வருடத்துக்கொரு முறை கஷ்கொட்டைத் திருவிழாவுக்குத் துண்டறிக்கை அடிப்பதுதான் எங்கள் பெரிய வேலை. கூட்டம் வரத் தொடங்கியதும் மிபு சார் மதியச் சாப்பாட்டைத் தொடுவதை நிறுத்திவிட்டார். ஒருநாள் ஜன்னலைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னார்.

"அது தேதி இல்லப்பா. சாப்பாட்டு ஆர்டர்."

பத்து வருடத்துக்கு முன் அரசாங்கம் ஊருக்கு ஊர் பணம் கொடுத்து, இஷ்டம்போல் செலவு செய்யுங்கள் என்றது. நாங்கள் தூண் நிறுத்தத் தீர்மானித்தோம். தூணில் என்ன எழுதுவது என்று மூன்று மணிநேரம் சண்டை நடந்த கூட்டத்தில், மிபு சார் சாப்பாட்டுக் கணக்கைத் தூண் வரைபடத்தின் மேலேயே குறித்துவிட்டார். ஏழு விலாங்குச் சோறு, இருபத்துநாலு நூடுல்ஸ், பதினொரு சோற்றுருண்டை, நாற்பது தேநீர். அந்த வரைபடம் அப்படியே கல்பட்டறைக்குப் போய்விட்டது. கல்தச்சர் பொறுப்பான மனிதர், கண்டதைக் கண்டபடி செதுக்கிவிட்டார்.

திறப்பு விழாவில் திரை விலகியபோதுதான் மிபு சாரே அதைப் பார்த்தாராம். அப்போதைய பேரூராட்சித் தலைவரோ முப்பது வருட அரசியல்வாதி. கண் இமைக்காமல் ஒலிபெருக்கியை வாங்கி, "ஏழு, நம்ம ஊர் ஓடைகள். இருபத்துநாலு, பழைய பஞ்சாங்கத்துல வருஷத்தோட பருவங்கள். பதினொண்ணு, நம்ம குக்கிராமங்கள். நாப்பது..." என்று கொஞ்சம் நிறுத்தி, "அதை நம்ம சந்ததிகள் கண்டுபிடிக்கட்டும்" என்றாராம். ஒரே கைதட்டல்.

"இப்ப கண்டுபிடிச்சிட்டாங்க" என்றார் மிபு சார்.

இப்போதைய தலைவர் இசுருகியிடம் போய்ச் சொன்னோம். அவர் விசிறிக்கொண்டே கேட்டார். "உலகம் அழியறதுல நமக்கென்ன நஷ்டம்? விடுதி ரெண்டும் நிரம்பி வழியுது. இருபத்தஞ்சாந் தேதி சாவகாசமா சொல்லிக்கலாம்."

மிபு சாரும் அப்படியே விட்டிருப்பார். ஆனால் இருபத்துமூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை மதியம் நோகாமி என்றொருவர் ஊர் வரைபடம் கேட்டு எங்கள் ஜன்னலுக்கு வந்தார். வயது முப்பத்தெட்டு. ஒசாகாவில் குளியல்தொட்டி செய்யும் கம்பெனியில் வேலை.

"வேலை பார்த்தேன்னு சொல்லணும். காலைல மேலாளர் மேஜைல ஒரு லெட்டர் வச்சிட்டு வந்துட்டேன். பன்னெண்டு வருஷமா மனசுல இருந்ததெல்லாம் எழுதியாச்சு. இப்பத்தான் மூச்சு விடவே முடியுது."

அவர் போனதும், "என் சாப்பாட்டு ஆர்டரை நம்பி ஒருத்தர் வேலையையே விட்டுட்டாரே" என்றார் மிபு சார். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊர் ஒலிபெருக்கியில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும் மெட்டு ஒலிக்கும். மெட்டு முடிந்ததும் அவரே ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டார்.

"மேட்டுல இருக்கிற எல்லாருக்கும் பணிவான அறிவிப்பு. தூண்ல இருக்கிறது உலகம் அழியற தேதி இல்லீங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதின சாப்பாட்டு ஆர்டர். மனசார மன்னிப்புக் கேட்டுக்கறேன். தயவுசெஞ்சு எல்லாரும் வீட்டுக்குப் போங்க. பசங்களும் விளையாட்டை முடிச்சிட்டு வீட்டுக்குப் போங்க."

ஐந்து நிமிடம் கழித்தும் மேட்டில் ஒரு கூடாரமும் பிரியவில்லை. பிறகு தோமேக்கி குறிப்பேட்டோடு ஓடி வந்தார்.

"நாப்பத்திரண்டு சாப்பாடு, நாப்பது டீ. அந்த ரெண்டு பேர் யாரு?"

"டீ குடிக்காதவங்க."

"பேரு?"

"ஒருத்தருக்கு வயித்துப்புண். இன்னொருத்தர் ஞாபகம் இல்லீங்க."

"ஞாபகம் இல்லையா, சொல்லக் கூடாதுன்னு உத்தரவா?"

வேறு வழியில்லாமல் மிபு சார் அவரை நூடுல்ஸ் கடைக்காரம்மா கனோயேயிடம் இழுத்துப்போனார். "அக்கா, நீங்களே சொல்லுங்க. அது உங்க கடை ஆர்டர்தானே?"

"ஆமா. நல்லா ஞாபகம் இருக்கே. வெங்காயம் போட்டிருக்குன்னு ஒரு நூடுல்ஸைத் திருப்பி அனுப்பினீங்க."

தோமேக்கி குறிப்பேட்டில் வேகவேகமாகக் கிறுக்கினார். "அப்போ இது கடைசி விருந்து! அம்மா, நாளைக்குப் பதினொண்ணரைக்குள்ள அதே ஆர்டர், அதே எண்ணிக்கை, தூணடில வேணும்."

"வெங்காயம்?"

"போடாதீங்க!"

அவர் போனதும் மிபு சார் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஏன்க்கா ஒத்துக்கிட்டீங்க?"

"உலகம் அழியுதோ இல்லையோ தம்பி, சாப்பாடு கேக்கறவங்ககிட்ட இல்லைன்னா சொல்ல முடியும்?"

சனிக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. மேட்டில் இருநூறு பேர், இரண்டு போலீஸ்காரர்கள், ஒரு தொலைக்காட்சி வண்டி. கனோயே அக்கா சொன்ன நேரத்துக்கு வந்து இறக்கினார். சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்த நாற்பத்திரண்டு பேர் பெட்டிகளோடு வட்டமாக உட்கார்ந்தார்கள். நோகாமிக்கு விலாங்குச் சோறு விழுந்திருந்தது. மூடியைத் திறந்தவர் கையைத் தூக்கினார்.

"எனக்குப் பன்னிக்கறி வறுவல்தானே இருக்கு?"

தோமேக்கி ஓடிவந்து எண்ணினார். ஆறு. மறுபடி எண்ணினார். ஆறுதான்.

"ஏழு சொன்னேனே அம்மா!"

"மீன் கிடைக்கலைப்பா. வெயில் காலத்துல தெம்புன்னு ஊரே விலாங்குதான் திங்குது. அதான் வறுவலைக் கொஞ்சம் பெருசாவே வச்சேன். குறையா நினைக்காத."

"பன்னிக்கறியா..." என்று தோமேக்கி மறுபடி பெட்டியை எட்டிப் பார்த்தபோது மணி பதினொன்று முப்பத்தொன்பது. எல்லாரும் கைகோத்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள். அந்த ஆர்டரைத் தன் கையால் எழுதிய மிபு சாரும் கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். நான் பார்த்தேன் என்பதால் நான் மூடவில்லை என்று அர்த்தமில்லை. ஒரு கண்ணைத்தான் திறந்திருந்தேன்.

சில்வண்டுகள் கத்தின. பதினொன்று நாற்பத்தொன்று. நாற்பத்தைந்து. யாரோ நூடுல்ஸை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

தோமேக்கி தூண் மேடையில் ஏறினார். "ஏழாவது வரல! கணக்கு நிறைவேறல! இந்த அம்மா உலகத்தைக் காப்பாத்திட்டாங்க!"

இருநூறு பேரும் வரிசையாக வந்து கனோயே அக்காவைக் குனிந்து வணங்கினார்கள். அவர் சங்கடத்தோடு ஒவ்வொருவருக்கும் பதில் வணக்கம் வைத்து, "மீன்தாங்க கிடைக்கல, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார்.

மூன்று மணிக்குள் மேடு காலி. நோகாமி மட்டும் அலுவலக வாசலில் நின்றிருந்தார்.

"சார், இங்க பொதுத் தொலைபேசி எங்க இருக்கு? மேலாளர் வீட்டுக்குப் பேசணும்."

மிபு சார் தன் தொலைபேசி அட்டையைக் கொடுத்து அழைத்துப்போனார். "லெட்டர்ல அப்படி என்ன எழுதினீங்க?"

"தினமும் காலைல அவர் பேசற பேச்சு ஆறிப்போன குளியல்தண்ணி மாதிரி இருக்குன்னு. அப்புறம்... அவர் வச்சிருக்கிற டோப்பா முடியைப் பத்தி."

கண்ணாடிக் கூண்டுக்குள் அவர் தொலைபேசியைப் பார்த்து இடுப்பு ஒடியக் குனிவது தெரிந்தது. கதவிடுக்கு வழியாகத் துண்டு துண்டாகக் கேட்டது. "ஆமாங்க... நானேதான் எழுதினேன்... ஆமாங்க, முடியைப் பத்தினதும்." மிபு சார் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நோகாமி வெளியே வந்தார்.

"என்னங்க சொன்னாரு?"

"எல்லாருக்கும் தெரியுமான்னு கேட்டாரு. எல்லாருக்கும்னேன். கடைசில, திங்கட்கிழமை எட்டரைக்கு வந்து சேரு, நானும் அது இல்லாமலே வர்றேன்னாரு."

இரண்டு மாதத்தில் முதல்முறையாக மிபு சார் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு அலுவலகக் காரிலேயே நோகாமியை ரயிலடிக்குக் கொண்டுபோய் விட்டோம். ரயில் தாமதம். வழுக்கைத் தலையோடு மேலாளர் உள்ளே நுழையும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று நோகாமியும் மிபு சாரும் நடைமேடையில் நின்று மாற்றி மாற்றிப் பழகிக்கொண்டிருந்தார்கள்.