ஓர் அளவு பெரிய காலணிகள்

நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்து இருபது. மழை முடிந்திருக்கவில்லை, நின்றிருந்தது, அவ்வளவுதான். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இருந்த கூடத்தில் அம்மா, அப்பாவின் சட்டையை உதறி மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தாள். அது கசங்கியிருக்கவில்லை.

"இஸ்திரி போட்ட சட்டைதானேம்மா. விடேன்," என்றாள் மகள்.

"பையில இருந்தா கசங்கும். வீட்டுக்கு வர்றப்ப நாலு பேர் பார்ப்பாங்க."

வீட்டுக்கு வரும்போது அப்பா அணிய வேண்டிய உடை அது. அவரை இங்கே சேர்த்த மறுநாளே மாமா சொல்லி, அம்மா அதைக் கொண்டுவந்துவிட்டாள். மாமா அம்மாவின் தம்பி. வாகனம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் அமர்ந்து பிரேக்கின் மேல் ஒரு காலை வைத்திருப்பது அவர் தொழில். அந்தக் காலை வீட்டிலும் அவர் எடுப்பதில்லை. அவர் வீட்டில் வாரந்தோறும் கூடும் ஜெபக்குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கேட்டது கிடைத்த பிறகு நன்றி சொல்ல யாராலும் முடியும். கிடைப்பதற்கு முன்பே சொல்லிவிடுவதுதான் விசுவாசம். ஆகவே வேலை கேட்டவர் மதிய உணவுக்கு டப்பா வாங்கி வைப்பார். குழந்தை கேட்டவள் தொட்டில் வாங்குவாள். சில தொட்டில்களில் குழந்தைகள் உறங்கின. மற்றத் தொட்டில்களைப் பற்றிக் குழுவில் யாரும் பேசுவதில்லை. அவற்றில் ஒன்று மாமா வீட்டிலேயே இருந்தது.

ஞாயிறு ஆராதனையில் அம்மா எழுந்து நின்று, தன் கணவருக்குக் கர்த்தர் சுகம் தந்துவிட்டார் என்று சாட்சி சொன்னாள். சபை கைதட்டியது. அதே நேரத்தில் இங்கே, அப்பாவின் மூக்கிலிருந்த குழாயை எடுத்துவிட்டுப் பெரிய முகமூடியைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள்.

சட்டையை வைப்பதற்காக அம்மா பையிலிருந்து அட்டைப்பெட்டியை வெளியே எடுத்தாள். புதிய கறுப்புக் காலணிகள். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த எண்ணை மகள் அப்போதுதான் பார்த்தாள். அப்பாவின் அளவு எட்டு. அதில் ஒன்பது என்று இருந்தது.

"கால் வீங்கியிருக்குல்ல," என்றாள் அம்மா, கேட்பதற்கு முன்பே.

சுகமாகிவிட்டவருக்கு எதற்கு ஓர் அளவு பெரிது என்ற கேள்வி மகளின் வாய்வரை வந்தது. அவள் மருந்துக்கடையில் வேலை செய்பவள். நாள் முழுவதும் சீட்டுகளைப் படித்து, நோயாளியின் வீட்டாருக்கு இன்னும் தெரியாததைத் தெரிந்துகொண்டு, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பதை மட்டும் சொல்லி அனுப்பப் பழகியவள். கேட்கவில்லை.

அப்பா மின்தூக்கி மெக்கானிக். இங்கே கொண்டுவந்த அன்று, சக்கரக் கட்டிலில் மூச்சுக்குத் திணறிக்கொண்டே மேலே ஏறும்போது, கதவின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "ரோலர் தேஞ்சு போச்சு. கீழ யார்கிட்டயாவது சொல்லிட்டு வா," என்றார். சொல்வதற்கு யாரும் அகப்படவில்லை. அந்தக் கதவு இன்னும் முனகிக்கொண்டிருந்தது.

ஜெபக்குழுவில் அவருக்குப் பெயர் 'ஆமென்'. மாமாவின் நீண்ட ஜெபம் முடிந்து எல்லாரும் ஆமென் சொன்ன பிறகு, ஒரு நொடி தாமதமாக, தனியாக, அவருடையது விழும். "ஆமென் வந்தாச்சு, இனி டீ வரலாம்," என்று கேலி செய்வார்கள். அவரை ஜெபிக்கச் சொன்னால், "நீங்க கேட்டதை முடிக்கவே கர்த்தருக்கு ரெண்டு மாசம் ஆகும். நான் வேற எதுக்கு?" என்பார். சிரிப்பார்கள். அவர் விசுவாசம் எத்தகையது என்று மகளுக்குத் தெரியாது. சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடுவார். அந்த மூடலில் அவசரம் இருந்ததில்லை. அவ்வளவுதான் தெரியும்.

கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வெளியே வந்தார். மகளைவிட வயதில் சிறிய பெண். கையில் ஒரே ஒரு காகிதம். நேராக அம்மாவின் முன் வந்து, குனிந்து பேசுவதற்குப் பதிலாக எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த விதத்திலேயே மகளுக்கு விளங்கிவிட்டது.

"சிறுநீரகம் நேத்தே நின்னுபோச்சும்மா. ரத்த அழுத்தத்துக்கு மூணு மருந்து ஓடுது, மூணுமே உச்ச அளவுல. இனிமே நாங்க செய்யறது வைத்தியம் இல்ல. தள்ளிப்போடறது மட்டும்தான்."

அம்மா பையின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூச்சு மிஷினை எடுத்துட்டா, வலி தெரியாம இருக்க மருந்து கொடுப்போம். நீங்க பக்கத்துலயே இருக்கலாம். வேணாம்னாலும் தப்பில்ல, இப்படியே வச்சிருப்போம், தானா நிக்கிற வரைக்கும். ஆனா எடுக்கிறதா இருந்தா மனைவியோட கையெழுத்து வேணும்."

மழை மறுபடியும் பிடித்திருக்க வேண்டும்; குடையிலிருந்து நீர் சொட்ட மாமா வந்து சேர்ந்தது அப்போதுதான். நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். டாக்டர் காகிதத்தை அம்மாவின் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே போகும்வரை பொறுமையாகவும் இருந்தார்.

"அக்கா, இதுல கை வச்சிராத. சபை முன்னாடி நீ சாட்சி சொல்லியிருக்க."

"தெரியும்."

"நாம நன்றி சொல்லி முடிச்சாச்சு. இப்ப கையெழுத்துப் போட்டா அதையெல்லாம் இல்லன்னு சொன்ன மாதிரி."

"சபைக்கு என்ன ஆகும்னு அப்புறம் பார்க்கலாம் மாமா," என்றாள் மகள். "அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு உள்ள போய்ப் பாத்தீங்களா?"

"நீ சும்மா இரு பாப்பா. இந்த வயசுக்கு ஒரு நாள் நீ வாயைத் திறந்து ஜெபம் பண்ணிப் பாத்ததில்ல."

"அப்பாவும்தான் பண்ணினதில்ல."

"அத்தானைப் பத்தி எனக்குச் சொல்றியா நீ?" மாமாவின் குரல் உடைந்தது. குடையை மடக்க முயன்றார்; அது ஏற்கெனவே மடங்கித்தான் இருந்தது. "எனக்குக் கல்யாணப் பேச்சு எடுத்ததே அத்தான்தான்."

மாமாவை வெறுக்க முடிந்திருந்தால் மகளுக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஞாயிறு மாலை, ஆராதனை முடிந்து அம்மா நேராக இங்கே வந்தபோது அப்பாவுக்குப் பேச்சு இருந்தது. முகமூடியை ஒரு விரலால் கீழே இழுத்து, "நான் போனதுக்கப்புறம்..." என்று தொடங்கினார். அம்மா முகமூடியை மெல்ல மேலே ஏற்றி அவர் வாயின் மேல் பொருத்தினாள். வாரை இறுக்கினாள். "அந்தப் பேச்சு இந்த ரூமுக்குள்ள வேணாங்க. கர்த்தர் கொடுத்துட்டாரு. நாமளே கெடுத்துக்கக் கூடாது." அப்பா அவளைப் பார்த்தார். பிறகு முகமூடிக்குள் ஏதோ ஒரு சொல் சொன்னார். கேட்கவில்லை, பிளாஸ்டிக்கில் ஆவி படிந்து மறைந்தது. உதடுகள் அசைந்ததைக் கொண்டு, அது ஆமென் என்று மகள் தெரிந்துகொண்டாள்.

அதற்குச் சற்று முன்பு, அம்மா வருவதற்குள், அவர் மகளிடம் கேட்டிருந்தார்: "டாக்டர் என்ன சொன்னாங்க? நிஜமா."

"மருந்துக்கு உடம்பு ஒத்துழைக்குதாம்ப்பா."

அவர் தலையசைத்தார். எதனால் பழுது என்று தாமே கண்டுபிடித்துச் சொல்லும் வாடிக்கையாளரிடம் அவர் தலையசைக்கும் முறை அது. மறுநாள் காலையில் தொண்டைக்குள் குழாய் இறங்கியது. அவர் போனதற்கப்புறம் என்ன என்பது அதோடு தீர்ந்தது.

"நான் அவரைப் பாக்கணும்," என்றாள் அம்மா.

கையைக் கழுவி, பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு இருவரும் உள்ளே போனார்கள். அப்பாவின் இமைகள் ஒட்டப்பட்டிருந்தன. மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அது அவருடைய அசைவு அல்ல. போர்வைக்கு வெளியே தெரிந்த பாதங்களைப் பார்த்தபோது, ஒன்பதும் போதாது என்று மகளுக்குத் தோன்றியது.

"பேசினா அவருக்குக் கேக்குமா?" என்று அம்மா கேட்டாள்.

டாக்டர் யோசித்தார். "தூக்கத்துக்கு நிறைய மருந்து போயிட்டிருக்கு. கேக்காதுன்னுதான் நினைக்கிறேன். ஆனா பேசலாம்."

அம்மா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "ஸ்தோத்திரம்..." என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். மறுபடியும் ஆரம்பித்து, மறுபடியும் அதே சொல்லில் நின்றாள். அவளுக்குத் தெரிந்த ஜெபங்கள் எல்லாம் நன்றியில்தான் தொடங்கின. நிமிர்ந்தாள்.

"உள்ள மாட்டிக்கிட்ட மாதிரி இருக்காரு," என்றாள். "சின்னப் பிள்ளையில நீ அவர்கூட வேலைக்கு ஒரு நாள் போனியே. லிஃப்ட்ல மாட்டினவங்ககிட்ட என்ன சொல்லுவாரு?"

பள்ளி விடுமுறையில் ஒரு நாள். அடுக்குமாடி அலுவலகம் ஒன்றில் இரண்டு தளங்களுக்கு இடையே மின்தூக்கி நின்றுவிட்டது, உள்ளே ஆட்கள். மேலாளர் கதவைத் தட்டி, "இதோ, இதோ, ஆச்சு!" என்று கத்திக்கொண்டிருந்தார். அப்பா அவரை விலக்கிவிட்டு, கதவின் இடுக்கில் வாயை வைத்துக் கேட்டார்: "உள்ள இருக்கீங்களா?" பதில் வரும்வரை காத்திருந்தார். வந்த பிறகுதான் அடுத்ததைச் சொன்னார். "நான் மெக்கானிக். மேல போய் கையால சக்கரத்தைச் சுத்தி இறக்கப்போறேன். நேரமாகும். லைட்டு போனாலும் போகும். சத்தம் வரும், அது நான்தான். சத்தம் நின்னா நான் போயிட்டேன்னு நினைக்காதீங்க."

படியேறும்போது மேலாளர் கடிந்துகொண்டார். ஆச்சு என்று ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொன்னால் என்னவாம்?

"சொல்லலாம் சார். ஆச்சுன்னா, உடனே அவங்க கதவை இழுக்க ஆரம்பிச்சிருவாங்க. அப்படித்தான் சாகறாங்க."

கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டு, மீதியை மகள் அம்மாவிடம் சொன்னாள். பதில் வந்த பிறகுதான் அடுத்த பேச்சு என்பதையும் சொன்னாள்.

அம்மா கேட்டுக்கொண்டாள். கம்பியைத் தாண்டி, குழாய்களை ஒதுக்கி, அவர் காதுக்கு அருகே வாயை வைத்தாள்.

"உள்ள இருக்கீங்களா?"

இயந்திரம் மூச்சைத் தள்ளியது, வாங்கியது. அம்மா அப்படியே குனிந்தபடி இருந்தாள். அடுத்த கட்டிலுக்கு யாரோ திரையை இழுத்தார்கள். நர்ஸ் ஒரு புட்டியை மாற்றிவிட்டுப் போனாள். ஒருவர் பதில் சொல்வதற்கு எவ்வளவு நேரம் தரலாமோ, அதைவிட அதிகமாகவே அம்மா தந்தாள்.

அடுத்ததை அவள் சொல்லவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, போர்வையை இழுத்துப் பாதங்களை மூடிவிட்டு வெளியே நடந்தாள்.

கூடத்தில் மாமா கண்ணை மூடி, கைபேசியைக் காதில் வைத்து, மறுமுனையில் இருந்த யாரோடோ சேர்ந்து தாழ்ந்த குரலில் ஜெபித்துக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தார். அம்மா காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்வதைக் கண்டதும், சொல்லாமல் கொள்ளாமல் அழைப்பைத் துண்டித்தார்.

"அக்கா. ஒரே ஒரு நாள். நாளைக்கு வரைக்கும் பாப்போம்."

"பேனா இருக்கா?" என்று அம்மா மகளைக் கேட்டாள்.

"இது தோத்துப்போறது அக்கா. நம்ம வாயால சொன்னதை நாமளே..."

"உன் வீட்டுத் தொட்டில்ல இப்ப என்னடா இருக்கு?"

அவள் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் மாமாவால் வேறொன்றைச் சொல்லித் தப்பிக்க முடியவில்லை. குடையின் நுனியிலிருந்து தரையில் தேங்கிய நீரைப் பார்த்தார்.

"போர்வை," என்றார்.

அம்மா தலையசைத்தாள். காகிதத்துக்கு அடியில் வைத்துக்கொள்ள எதையோ தேடினாள். சட்டை மிருதுவாக இருந்தது. காலணிப் பெட்டியின் மூடியைக் கழற்றி மடியில் வைத்து, அதன்மேல் காகிதத்தைப் பரப்பி, தேதியைக் கேட்டு எழுதிவிட்டு, கையெழுத்திட்டாள். ஞாயிற்றுக்கிழமை வருகைப் பதிவில் இடும் அதே முழுக் கையெழுத்து. ஓர் எழுத்தையும் சுருக்கவில்லை. அழுத்தி எழுதுவது அவள் பழக்கம்.

டாக்டர் வந்து நின்றார். இந்த முறை உட்காரவில்லை. கையை நீட்டினார். அம்மா காகிதத்தைக் கொடுத்தாள். ஆனால் தன் பக்கத்து ஓரத்தை விடவில்லை.

"எவ்வளவு நேரமாகும்?"

டாக்டர் மகளைப் பார்த்தார். மகள் பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை.

"தெரியலம்மா," என்றார் டாக்டர். "நேரமாகலாம்."

அம்மா விரல்களை விட்டாள். மடியிலிருந்த மூடியின் அட்டையில் அவள் கையெழுத்து மையில்லாமல் பதிந்திருந்தது.