துண்டை நான் எடுத்துவிட்டேன்

1

இந்தக் கதை ஒரு துண்டிலிருந்து வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் மூக்குக்கண்ணாடி மாற்றப் போன இடத்தில், கறுப்புக் கண்ணாடி போட்ட இரண்டு இளைஞர்கள் ஒரு துண்டுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

முதலில் எழுதிய வரி: "ஒரகடத்தின் புழுதி வானத்தின் கீழே, ஒற்றைக் கண் ஒன்று சிவந்து..." வேண்டாம். படித்தால் எனக்கே கண் கரிக்கிறது.

2

அருள்பாண்டிக்குச் சங்கரன்கோவில் பக்கம். ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. ஒருநாள் வலது கண் சிவந்து பீளை கட்டியது. கேட்டில் செக்யூரிட்டி பரசுராமன் மறித்தார்.

"இன்னாபா, கண்ணு செவந்துகீது? மெட்ராஸ் ஐ-யா? உள்ள வராத, வூட்டுக்குப் போ."

சம்பளத்தோடு லீவு.*

அறைத்தோழன் அந்தோணிராஜுக்கு ஊரில் மாதா கோயில் திருவிழா. கேட்டுக் கேட்டும் லீவு கிடைக்கவில்லை. "ஏல, ஒன் துண்டக் கொஞ்சம் தால" என்று வாங்கிப் பக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவனுக்குப் பின்னால் வரிசையே நின்றது.

(டாக்டர் நண்பர் ஒருவர் இங்கே கோடு போட்டார்: "நீங்கள் கதையில் வைத்திருக்கும் நோய் துண்டால் பரவுவது அபூர்வம்." அதனால் அந்தோணிராஜுக்கு மட்டும் பரவவிட்டேன். கண் சிவந்தபோது ஊரில் திருவிழா முடிந்து கொடியை இறக்கிவிட்டார்கள்.)

*கம்பெனியும் விதியும் என் கற்பனை. லீவுக்கான ஏக்கம் அல்ல.

3

சொட்டு மருந்துக்கு அடங்காமல் கண் வாரக்கணக்கில் சிவந்தே இருந்தது. இருவரும் கண் டாக்டர் தென்றலிடம் போனார்கள். அவர் இமையைப் புரட்டிப் பார்த்தார், காதுக்கு முன்னால் அழுத்தி நெறி கட்டியிருப்பதைத் தொட்டுப் பார்த்தார், கண்ணீரையும் பீளையையும் பஞ்சுக்குச்சியில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்தது.

"இது மெட்ராஸ் ஐ இல்ல தம்பி. கிளமிடியான்னு ஒரு பாக்டீரியா. உடலுறவுல பரவுறது. கீழ இருந்து கை வழியா கண்ணுக்கு வந்திருக்கு. சொட்டு மருந்து பத்தாது, மாத்திரை சாப்பிடணும். உங்க பார்ட்னரும் சாப்பிடணும்."

அந்தோணிராஜ் பக்கம் திரும்பினார். "உங்க பார்ட்னர் யாரு?"

அவன் பையிலிருந்து துண்டை எடுத்துக் காட்டினான். "இதான் மேடம்."

டாக்டர் மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துக்கொண்டார்.

(இங்கேயே முடித்திருக்கலாம். நீங்களும் சிரித்துவிட்டுப் போயிருப்பீர்கள்.)

4

ஆனால் அருள்பாண்டியின் காதலி கவியா இருக்கிறாள். போன் கம்பெனியில் வேலை. பொங்கல் கழித்து அருள்பாண்டி வீட்டார் பெண் கேட்டு வருகிறார்கள். அவளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

"வெளிய ஒண்ணும் தெரியாது தம்பி. விட்டா பின்னாடி குழந்தை நிக்கிறதுல சிக்கல் வரலாம்" என்றார் டாக்டர். யாரிடமிருந்து யாருக்கு என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

எனக்கும் தெரியவில்லை. "திருப்பூரில் வேலை பார்த்தபோது அவன்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டேன். கவியாவைப் பற்றி அப்படித் தொடங்கவே மனம் வரவில்லை. இது நியாயமா என்று தெரியவில்லை.

"அண்ணாச்சி, அந்தோணி துண்டுலேருந்து எனக்கு வந்துச்சுன்னு சொல்லிருதேன். அவ நம்புவா" என்று அருள்பாண்டி என்னைக் கெஞ்சினான்.

எனக்கும் பிடித்திருந்தது. எழுதியும் விட்டேன். கவியா விழுந்து விழுந்து சிரித்தாள். "மொதல்ல அந்தத் துண்டக் கொளுத்து" என்றாள். கல்யாணம் நடந்தது.

மறுபடி படித்தபோதுதான் திக்கென்றது. கவியாவுக்கென்று டாக்டர் கொடுத்த மாத்திரை அவன் பையிலேயே கிடந்தது. துண்டால் வந்த நோய்க்கு அவள் எதற்கு மாத்திரை விழுங்க வேண்டும்?

அந்த முடிவை அடித்துவிட்டேன்.

5

ஒரகடம் பஸ் நிறுத்தம். அருள்பாண்டி பைக்குள் துழாவுகிறான்.

"அண்ணாச்சி, துண்டக் காணலையே?"

நான்தான் எடுத்துவிட்டேன். கம்பெனி பஸ் நிற்கிறது. கவியா இறங்கி வருகிறாள்.

"டாக்டர் என்ன சொன்னாவ?"

அவன் வாயைத் திறக்கிறான். இனி அவன் பேச்சை நீங்கள்தான் எழுத வேண்டும். அவள் அறையலாம், அழலாம், பெண் பார்க்க வரவேண்டாம் என்று சொல்லலாம். எல்லாம் உங்கள் இஷ்டம். அவள் மாத்திரையை விழுங்கும்வரை மட்டும் பக்கத்தை மூடாதீர்கள்.

பையில் தண்ணீர் பாட்டில் இருக்கிறது. அதை நான் எடுக்கவில்லை.