அண்ணி போடும் ஏழு

என் சமையலுக்குப் பத்துக்கு எட்டு வாங்கிவிட வேண்டும். அந்த மூன்று மாதமும் எனக்கிருந்த ஒரே வெறி அதுதான். யார் போட்டாலும் போதும் என்றில்லை, அண்ணி போட வேண்டும்.

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. கடைத் தராசுகளையும் எடைக்கற்களையும் பரிசோதிக்கும் ஆய்வாளர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற உத்தியோகம். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, நான்கு பஸ் நிறுத்தம் தள்ளித் தனியாக இருக்கிறார். நானோ தையல்காரி. வாரம் முழுக்க அடுத்தவர் அளவுக்கே வெட்டி வெட்டி அலுத்துப்போய், ஞாயிற்றுக்கிழமையாவது அளவு பார்க்காமல் எதையாவது செய்து பார்ப்போமே என்று அடுப்படியில் இறங்கினேன். ஒருமுறை செய்ததை மறுபடி செய்யக் கூடாது என்பது மட்டும் எனக்கு நானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு.

ஞாயிறுதோறும் அண்ணியும் சாப்பிட வந்துவிடுவார். சாப்பிட்டு முடித்ததும் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம், துணியில் கோடு போடும் என் சாக்கட்டியால் ஆளுக்கொரு மதிப்பெண் எழுத வேண்டும். இந்த ஏற்பாடு என் கணவருடையது. லிஃப்ட் பழுது பார்ப்பவர். "மூணு பேரும் ஒரே நாள்ல எட்டு போட்டா ஆட்டம் முடிஞ்சுது. அப்புறம் ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் நிம்மதியா தூங்குவேன்" என்று முதல் வாரமே சட்டம் போட்டுவிட்டார். அதனால் அவர் எதற்கும் எட்டுதான். வாழைப்பழ ஆம்லெட்டுக்கும் எட்டு. தர்பூசணித் தோல் போட்ட நூடுல்ஸுக்கும் எட்டு, பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு! மாடியில் குடியிருக்கும் பல் டாக்டர் தம்பி மனசாட்சி உள்ள பிள்ளை. நாலு, அஞ்சு, நல்ல நாளில் ஆறு.

அண்ணி மட்டும் எப்போதும் ஏழு. பீட்ரூட் அடிப்பிடித்து வீடே புகைந்த அன்றைக்கும் ஏழு. என்ன குறை என்று கேட்டால் ஒரே பதில்: "உப்பு ஒரு கல்லு கம்மி."

பன்னிரண்டாவது வாரம் ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கினேன். பூசணிக்காயை வறுத்துப் பிசைந்து, பூண்டும் வேர்க்கடலையும் மிளகும் சேர்த்து, முட்டைக்கோஸ் இலைகளில் பொட்டலமாக மடித்தேன். மடித்தது நிற்கவில்லை. ஊசியை எடுத்து வெள்ளை நூலால் தைத்துவிட்டேன். ஆவியில் வேகவைத்து, வெண்ணெயில் புரட்டி, மேலே ஆரஞ்சுச் சாறு ஊற்றினேன். வாசனை மாடி வரை போனதில், நான் கூப்பிடுவதற்கு முன்பே டாக்டர் தம்பி வந்து உட்கார்ந்துவிட்டது.

"நுனியைப் பிடிச்சு இழுங்க, நூல் வந்துடும்" என்றேன் பெருமையாக.

இழுத்தார்கள். வரவில்லை. கைப்பழக்கத்தில், இழுத்தால் உருவிக்கொண்டு வரும் ஓட்டுத் தையலுக்குப் பதிலாகக் கெட்டித் தையல் போட்டுத் தொலைத்திருக்கிறேன்! இரண்டு ஆள் இழுத்தாலும் பிரியாது.

"அக்கா, பல்லு பிடுங்கறதே இதைவிட சுலபம்" என்றது தம்பி, நெற்றி வியர்க்க. என் கணவர் திருப்புளி கொண்டுவரவா என்று கேட்டார். கடைசியில் என் கத்தரிக்கோலைக் கழுவிக் கொடுத்தேன். ஒருவர் வெட்ட, இருவர் பிடிக்க, ஆரஞ்சுச் சாறு தம்பியின் சட்டையில் தெறிக்க, அண்ணி சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. வாயில் வைத்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

கணவர் எட்டு போட்டார். தம்பியும், வாழ்நாளில் முதல்முறையாக, எட்டு. அண்ணி சாக்கட்டியை வாங்கி நிதானமாக எழுதினார். ஏழு.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பன்னிரண்டு வாரமா ஏழு! உங்க ஆபீஸ் தராசு முள்ளு ஏழுலயே சிக்கிக்கிச்சா அண்ணி?"

"உப்பு ஒரு கல்லு..." என்று ஆரம்பித்தார். நான் கேட்க நிற்கவில்லை. முன்னறைக்குப் போய்த் தையல் மெஷினைத் தடதடவென்று வெறுமனே ஓட்டிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம்தான் துணி இல்லாமல் ஓட்டுவது? தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தால், அண்ணி கையும் களவுமாக அகப்பட்டார். மிச்சமிருந்த பொட்டலத்தைக் கத்தரித்துத் தின்றுவிட்டு, வாணலியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்துக்கொண்டிருந்தார்.

"இதுதான் ஏழா அண்ணி?"

அவர் முகத்தில் அசடு வழிந்தது. கையிலிருந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டே, "எட்டு போட்டா ஆட்டம் முடிஞ்சுதுன்னு உன் புருஷன் சொன்னானே" என்றார். "மத்த ஆறு நாளும் எனக்கு நானே பொங்கி நானே திங்கறேன். ஞாயித்துக்கிழமை பஸ் ஏறும்போதே, இன்னிக்கு இவ என்ன கூத்து பண்ணி வச்சிருக்காளோன்னு சிரிப்பு வந்துடும். அதை என் கையால எப்படிம்மா முடிச்சு வைக்கிறது?"

எனக்குச் சுருக்கென்றது. மதிப்பெண்ணை எண்ணினேனே தவிர, ஒரு வாரம்கூடத் தவறாமல் மழையிலும் வெயிலிலும் வந்த மனுஷியை நான் எண்ணவில்லை. வெட்கமாக இருந்தது.

"இருந்தாலும் நியாயம்னு ஒண்ணு இருக்கு" என்று அண்ணியே எழுந்து போய், ஏழு என்றிருந்ததை அழித்துவிட்டு எட்டு என்று எழுதினார். உண்மையிலேயே அழகான எட்டு.

கூடத்திலிருந்து எட்டிப் பார்த்த என் கணவர், "மூணு எட்டா? முடிஞ்சுதா?" என்று தலையணையை எடுக்க ஓடினார்.

நான் ஈரத்துணியை எடுத்தேன். மூன்று மாதம் தவம் கிடந்து வாங்கிய எட்டை ஒரே இழுப்பில் துடைத்துவிட்டு, என் கையாலேயே ஏழு என்று எழுதினேன்.

"அநியாயம்!" என்று கத்தினார் அவர், தலையணையைக் கட்டிக்கொண்டு.

"உப்பு ஒரு கல்லு கம்மிங்க" என்றேன். "அண்ணி, அடுத்த வாரம் கொஞ்சம் சீக்கிரமே வாங்க. வெங்காயம் உரிக்க ஆள் வேணும்."

அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "இன்னும் உரிக்கவே இல்ல, அதுக்குள்ள கண்ணு எரியுது பாரு" என்றார்.