தலைவர் குழிக்குள் இறங்கிய நாள்

அமூர் ஆற்றின் சீனக் கரையில், ரஷ்ய ஜாரிடமும் சொல்லாமல் சீனச் சக்கரவர்த்தியையும் கேட்காமல், தங்கம் தோண்ட வந்த கூட்டம் தானே ஒரு குடியரசை அமைத்துக்கொண்டது. குடியரசு என்றால் தலைவர் இல்லாமலா? அதற்குப் பன்கிராத் வாய்த்தார். சொந்த ஊரில் சாராயக் கடை எடுபிடி. இங்கே கரடித்தோல் கோட்டு, மார்பில் பித்தளைப் பட்டை, "தலைவர் வர்றார்!" என்று முன்னால் கத்திக்கொண்டு போக ஓர் ஆள்.

அந்த ஊர்வலம் அன்று நிக்கீஃபரின் குழியருகே வந்து நின்றது. அவனும் கூட்டாளி லுவானும் குளிர்காலம் முழுக்க உயிரைக் கொடுத்துத் தோண்டிய குழி. சதுப்பு நிலம், அடியில் தண்ணீர். தரை உறைந்து இறுகும்வரை காத்திருந்து, இறுகியதில் மேலாகக் கொஞ்சம் கொத்தியெடுத்து, மறுபடி காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் குழி கிணறாகிவிடும்.

"மூணு நாளா இதுல ஆள் இறங்கல. சட்டப்படி கைவிட்ட குழி. என் மச்சானுக்குக் குடுக்கப்போறேன்" என்றார் தலைவர்.

"கைவிடல தலைவரே, அடியில தண்ணி. உறைய விட்டிருக்கோம்" என்றான் நிக்கீஃபர்.

"அப்போ வேலை செய்யறது பனியா? பனிக்கு என்ன, ஓட்டு இருக்கா?"

பக்கத்தில் நின்ற மச்சான் மட்டும் சிரித்தான்.

"ஓட்டு இல்லாட்டி என்ன தலைவரே? உங்களவிட நல்லா உழைக்குது" என்றான் லுவான். இப்போது எல்லோரும் சிரித்தார்கள்.

தலைவரின் மூக்கு சிவந்தது. "தண்ணியாம் தண்ணி! காய்ஞ்ச தரைடா இது. நானே காட்டறேன்!" கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு, குழிக்குள் கயிற்றில் இறக்கும் வாளியில் ஏறி நின்றார்.

"வேணாம் தலைவரே! தரை இன்னும் இறுகல!" நிக்கீஃபர் கெஞ்சினான். வாளி இறங்கிவிட்டது.

"குடியரசின் பெயரால்…" என்று கீழிருந்து குரல் வந்தது. டங். மறுபடி டங். அப்புறம் பீப்பாய் வெடித்த மாதிரி ஒரு சத்தம். பிறகு, குடியரசு சம்பந்தமே இல்லாத ஓர் அலறல்.

நாலு பேர் சேர்ந்து கயிற்றை இழுத்தார்கள். சேறும் தண்ணீருமாக மேலே வந்த தலைவர், கால் தரையில் படுவதற்குள் உறைந்துபோனார். கோட்டு கோயில் மணி போல விறைத்து நின்றது. கைகளை இறக்க முடியவில்லை. "குடிமக்களே!" என்றார். தாடி அசையவில்லை.

நிக்கீஃபர் குழிக்குள் பார்த்தான். கறுப்புத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு குளிர்காலத்து உழைப்பு! தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே! எழுந்திருண்ணே! கோட்டப் பாரு!" லுவான் குதித்தான்.

கோட்டில் உறைந்திருந்த சேற்றில் கூழாங்கல். கூழாங்கல்லுக்கு நடுவே மஞ்சள் பொட்டுகள்!

தலைவரை அப்படியே நீராவிக் குளியல் குடிசைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கோட்டைக் கழற்றி வெந்நீரில் முக்கி, சேற்றைத் தங்கம் அலசும் தட்டில் விட்டு நிக்கீஃபர் சுழற்றினான். மண் போயிற்று. கருமணல் போயிற்று. தட்டின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு பிறை! குடிசைக் கூரை பறந்துவிடும் போல ஆரவாரம்.

"என் கோட்டு! என் தங்கம்!" வெறும் சட்டையோடு நின்ற தலைவர் கத்தினார்.

"கோட்டு உங்களோடது. சேறு எங்க குழியோடது" என்றான் லுவான்.

குழி யாருக்கென்று முடிவுசெய்ய அங்கேயே எல்லோரையும் கை தூக்கச் சொன்னார்கள். தண்ணீரைத்தான் எல்லோரும் பார்த்தாயிற்றே. காத்திருந்ததும் வேலைதான், குழி இவர்களுக்கே என்று முடிவாயிற்று. மச்சானும் கை தூக்கினான். அந்தக் கிணற்றின் மேல் அவனுக்கு ஆசை விட்டுப்போயிருந்தது.

"தண்ணி உறையட்டும்ணே, பனிக்கட்டிய வெட்டியெடுத்துட்டு மறுபடி இறங்குவோம். தங்கம் அடியிலேயே இருக்கு!" என்றான் லுவான்.

"வெளியில குளுரும்டா, கோட்டக் குடுங்கடா!" என்றார் தலைவர்.

"இருங்க தலைவரே," நிக்கீஃபர் கோட்டை மறுபடி தண்ணீரில் அமுக்கினான். "கைப்பக்கம் இன்னும் அலசல."